வெளிநாட்டில் உரிமையாளர், உள்ளூரில் குடியிருப்பவர்: வாடகை வரி குறித்து மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சிங்கப்பூரில் பணிபுரியும் நான், சென்னை பெருங்குடியில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககக் குடியிருப்பு ஒன்றை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்த வாடகையைக் காட்டி ஆண்டுதோறும் இந்தியாவில் வருமான வரிப் படிவமும் தாக்கல் செய்து வருகிறேன். வரியைக் குறைக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. இந்தியாவில் இருக்கும் வீட்டிலிருந்து வரும் வருமானத்துக்கு இந்தியா வரி விதிப்பது நியாயம். 1994இல் கையெழுத்தான இந்திய–சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தமும் அசையாச் சொத்தின் வருமானத்தின் மீது வரி விதிக்கும் உரிமையைச் சொத்து இருக்கும் நாட்டுக்கு அளிக்கிறது. அந்த வரியை வசூலித்துக் கொடுக்கும் பொறுப்பை யார் தலையில் கட்டியிருக்கிறோம் என்பதை வாரியம் மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. இன்று அந்தப் பொறுப்பு முழுவதும் என் வீட்டில் குடியிருப்பவரிடம் இருக்கிறது. அந்த வரியால் லாபமும் இல்லாத, நட்டமும் இல்லாத, வரித்துறையோடு தன் சம்பளக் கணக்கைத் தவிர வேறு எந்தப் பழக்கமும் இல்லாத ஒருவரிடம்.

சட்டம் சொல்வதை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். புதிய சட்டம் வந்துவிட்டாலும், பிரிவுகளையும் படிவங்களையும் பழைய எண்களிலேயே குறிப்பிடுகிறேன். படிப்பவர்களுக்கு இன்னும் அவைதான் பழக்கம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் வசிப்பவருக்கு, இந்தியாவில் வரிக்கு உட்பட்ட ஒரு தொகையைக் கொடுப்பவர் யாராக இருந்தாலும், கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்க வேண்டும். வாடகைக்கு அந்த விகிதம் 30 சதவீதம். சுகாதாரத்துக்கும் கல்விக்குமான 4 சதவீதத் தீர்வையும் சேர்ந்தால் 31.2 சதவீதம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 393ஆம் பிரிவின் அட்டவணைகளுக்குள் இடம் மாறியிருக்கிறது. பிரிவுகளின் எண்ணிக்கை 819இலிருந்து 536ஆகக் குறைந்ததும், மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் போய் வரி ஆண்டு வந்ததும் வரவேற்க வேண்டிய மாற்றங்கள்தான். வாடகைக்கு இருப்பவர் மீதான இந்தச் சுமை மட்டும் ஒரு கிராம் குறையாமல் புதிய சட்டத்துக்குள் குடிவந்துவிட்டது.

உள்நாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை கொடுக்கும் ஒரு சம்பளக்காரரின் நிலையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டாதவரை அவர் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. தாண்டினால் 2 சதவீதம். 2024 அக்டோபருக்கு முன்பு 5 சதவீதமாக இருந்ததை அரசே குறைத்தது. அதையும் மாதாமாதம் பிடிக்க வேண்டாம். நிதியாண்டின் கடைசி மாதத்தில், அல்லது வீட்டைக் காலி செய்யும் மாதத்தில், ஒரே ஒரு முறை தன் பான் எண்ணைக் கொண்டே 26கியூசி சலானில் கட்டிவிட்டால் வேலை பெரும்பாலும் முடிந்தது. இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள், வாடகைக்கு இருப்பவர் ஒரு நிறுவனம் அல்லர், அவரிடம் கணக்கர் கிடையாது என்பதை உணர்ந்துதான் வகுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

அதே வீடு, அதே வாடகை, அதே குடியிருப்பவர். உரிமையாளர் மட்டும் வேலைக்காக வெளிநாடு போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச வரம்பு என்று எதுவும் இப்போது கிடையாது. முதல் ரூபாயிலிருந்து பிடித்தம் தொடங்குகிறது. பான் எண் போதாது. 49பி படிவத்தை நிரப்பி, வரி பிடிப்பவருக்கான டான் எண்ணை அவர் வாங்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30க்குள், கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27கியூ என்ற அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும்: ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. அந்த அறிக்கையைத் தயாரிப்பதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அது ஓட வேண்டுமானால் கணினியில் ஜாவா இருக்க வேண்டும். கட்டிய சலான்களின் விவரம் அடங்கிய சிஎஸ்ஐ கோப்பைத் தனியாகத் தரவிறக்கி அதோடு இணைக்க வேண்டும். உரிமையாளரின் வெளிநாட்டு முகவரியை அதற்குரிய கட்டங்களில் இட வேண்டும். சரிபார்ப்பில் ஓர் எழுத்து பிசகினாலும் பிழை அறிக்கைதான் வரும். இவ்வளவும் தாண்டிய பிறகு வரித்துறையின் டிரேசஸ் தளத்தில் பதிவு செய்து, வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழைத் தரவிறக்கி உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும். அனுபவமுள்ள ஆடிட்டர் அலுவலகங்களில் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள்.

நான் வீட்டைக் காட்டியபோது பார்க்க வந்த ஓர் இளம் தம்பதிக்கு வீடும் பிடித்திருந்தது, வாடகையும் ஒத்துவந்தது. இருவரும் தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை செய்பவர்கள். கணினிக்கு அஞ்சுபவர்கள் அல்லர். வரிப் பிடித்தம் பற்றி நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது அந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நாங்க குடியிருக்கத்தான் வீடு பாக்குறோம், கம்பெனி நடத்த இல்ல" என்றார். அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆடிட்டர் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். தவறு நேர்ந்தால் அறிவிப்பு யார் பெயருக்கு வரும் என்று அந்தப் பெண் கேட்டார். அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். தரகர் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னது, வெளிநாட்டு உரிமையாளர் என்பதை வீடு பார்க்க வருபவர்களிடம் முதலிலேயே சொல்ல வேண்டாம் என்பதுதான். சட்டத்தைக் கடைப்பிடிப்பது பற்றி வாயைத் திறந்தாலே வீடு பூட்டிக்கிடக்கும் என்பது பெருங்குடித் தரகர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பெண் கேட்ட கேள்வியில் பொருள் இருக்கிறது. காலாண்டு அறிக்கை தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். பிடித்த வரியின் அளவு வரை அது ஏறும். கும்பகோணத்தில் மாதம் 7,000 ரூபாய்க்கு ஒரு பழைய வீட்டில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். ஆசிரியர் மாதம் 2,184 ரூபாய் பிடித்துக் கட்ட வேண்டும். ஒரு காலாண்டுக்கு 6,552 ரூபாய். அறிக்கை 33 நாள் தாமதமானால், தாமதக் கட்டணம் அந்தக் காலாண்டின் மொத்த வரிக்குச் சமமாகிவிடும். பிடித்த வரியைக் கட்டத் தாமதித்தால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி. பிடிக்கவே தவறினால் 1 சதவீத வட்டியோடு, தவறிய வரித்தொகைக்கு இணையான தண்டமும் விதிக்கலாம். உரிமையாளர் தன் பங்குக்குப் படிவம் தாக்கல் செய்து வரியைக் கட்டியிருந்தால் குடியிருப்பவருக்கு ஒரு விலக்கு உண்டு. 2019இல் அது வெளிநாட்டில் வசிப்போருக்குக் கொடுக்கும் தொகைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பட்டயக் கணக்கரின் சான்றோடு 26ஏ படிவம் வேண்டும். வட்டி அப்போதும் உண்டு. அந்தக் கும்பகோணத்து ஆசிரியருக்கு இதில் ஒரு வரியாவது தெரிந்திருக்கும் என்று வாரியம் எதிர்பார்க்கிறதா என்று உண்மையாகவே கேட்கிறேன்.

இத்தனை பாடும் பட்டு வசூலாகும் தொகை உண்மையில் அரசுக்குச் சேர வேண்டிய தொகைதானா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. மாதம் 25,000 ரூபாய் வாடகை வரும் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். மாநகராட்சிக்குக் கட்டிய சொத்து வரி 6,000 ரூபாய் போக 2,94,000. அதில் பராமரிப்புக்கென்று சட்டமே தரும் 30 சதவீதக் கழிவு 88,200 ரூபாய். வரிக்கு உட்பட்ட வருமானம் 2,05,800 ரூபாய். 2025–26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை. இந்தியாவில் வேறு வருமானம் இல்லாத உரிமையாளர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். குடியிருப்பவர் பிடித்திருக்க வேண்டிய வரியோ, மொத்த வாடகையின் மீது 93,600 ரூபாய். வீட்டுக் கடன் வட்டி இருந்தால் அதுவும் கணக்கில் வரும். ஆனால் பிடித்தத்தின்போது சொத்து வரியும் தெரியாது, கழிவும் தெரியாது, கடனும் தெரியாது.

வாடகை அதிகமானால் இந்த முரண் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மாதம் 60,000 ரூபாய் வாடகைக்கு, சொத்து வரியைச் சேர்க்காமலே கணக்கிட்டாலும், ஆண்டு வாடகை 7,20,000 ரூபாயில் 30 சதவீதம் கழித்து 5,04,000 ரூபாய். 4 லட்சத்துக்கு மேற்பட்ட 1,04,000 ரூபாய்க்கு 5 சதவீதமும் தீர்வையுமாக வரி 5,408 ரூபாய். பிடித்தமோ மாதம் 18,720 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 2,24,640 ரூபாய். சேர வேண்டியதைப்போல் நாற்பது மடங்குக்கு மேல் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு திருப்பித் தருகிறோம். உள்நாட்டு உரிமையாளருக்கு இதே வாடகையில் பிடிக்கப்படுவது ஆண்டுக்கு 14,400 ரூபாய். குறிப்பிட்ட வருமானம் வரை வரியையே நீக்கும் 87ஏ தள்ளுபடி அவருக்கு உண்டு என்பதால் கடைசியில் அவர் வரியும் பூஜ்யமாகலாம். அந்தத் தள்ளுபடி எங்களுக்கு இல்லை. அது கொள்கை முடிவு, அதைப் பற்றி நான் முறையிடவில்லை. புதிய முறையில் வாடகை மட்டுமே வருமானமாக உள்ள ஒருவருக்கு மாத வாடகை ஏறத்தாழ 47,600 ரூபாயைத் தொடும்வரை வரியே எழுவதில்லை என்பதை மட்டும் வாரியம் மனத்தில் கொள்ள வேண்டும். மடிப்பாக்கத்திலும் தாம்பரத்திலும் திருச்சியிலும் மதுரையிலும் வெளிநாடுவாழ் தமிழர் வாடகைக்கு விட்டிருக்கும் சாதாரண வீடுகள் இந்த எல்லைக்குள்தான் அடங்கும்.

திருப்பித் தருவதிலும் ஒரு நெருடல் இருக்கிறது. 2025 ஏப்ரல் மாத வாடகையில் பிடித்த பணம், 2026 ஜூலைக்குள் படிவம் தாக்கலாகி, வரித்துறையின் பெங்களூரு மையம் அதைப் பரிசீலித்த பிறகுதான் திரும்பும். வரித்துறை தரும் வட்டி மாதத்துக்கு அரை சதவீதம். அதுவும் 2026 ஏப்ரல் 1 முதல்தான் கணக்கு. முதல் ஓராண்டு பணம் வட்டியின்றி அரசிடம் இருக்கிறது. நாங்கள் வரியில் பின்தங்கினால் எங்களிடம் வசூலிக்கப்படும் வட்டி மாதத்துக்கு 1 சதவீதம். வீட்டுக் கடன் தவணையை வாடகையிலிருந்தே கட்டிவரும் குடும்பத்துக்கு, மாதாமாதம் வாடகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான தொகை கைக்கு வராமல் நிற்பது சிறிய விஷயம் அன்று.

இதற்கெல்லாம் சட்டத்திலேயே வழி இருக்கிறதே, 197ஆம் பிரிவின்கீழ் குறைந்த விகிதச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாமே என்று வாரியம் சொல்லும். வழி இருப்பது உண்மை. 13ஆம் படிவத்தை இணையவழி கொடுத்து, வாடகை ஒப்பந்தம், முந்தைய ஆண்டுகளின் படிவங்கள், நடப்பாண்டின் உத்தேச வருமானம் ஆகியவற்றைக் காட்டினால், சர்வதேச வரிவிதிப்புப் பிரிவின் மதிப்பீட்டு அதிகாரி சான்றிதழ் தருகிறார். ஆனால் அந்தச் சான்றிதழ் குடியிருப்பவரின் டான் எண்ணோடு பிணைக்கப்பட்டது. அவர் டான் வாங்கும்வரை நான் விண்ணப்பிக்கவே முடியாது. சான்றிதழ் வந்த நாளிலிருந்துதான் செல்லும்; அதற்கு முந்தைய மாதங்களுக்கு முழு விகிதம்தான். நிதியாண்டு முடிந்தால் அதன் ஆயுளும் முடிந்தது. அடுத்த ஏப்ரலில் மறுபடியும் அதே காகிதங்கள். இடையில் குடியிருப்பவர் மாறினால், சென்னையில் பதினொரு மாத ஒப்பந்தமே வழக்கம் என்பதால் மாறுவது இயல்பு, புதியவரின் புதிய டான் எண்ணுக்குப் புதிய விண்ணப்பம். உரிமையாளரும் அவரே, வீடும் அதுவே, வாடகையும் அதுவே. உள்நாட்டில் இருப்பவர் வங்கி வட்டிக்கு 15ஜி படிவத்தில் ஒரு கையெழுத்திட்டுப் பிடித்தத்தைத் தவிர்க்கிறார்; எங்களுக்கு அந்தப் படிவமும் கிடையாது.

இவை எல்லாவற்றையும்விட அடிப்படையான ஒரு சிக்கல் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேர் பேசிக் கேட்டதில்லை. ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவரா இல்லையா என்பது அவர் கடவுச்சீட்டைக் கொண்டோ முகவரியைக் கொண்டோ முடிவாவதில்லை. அந்த நிதியாண்டில் அவர் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தார் என்பதைக் கொண்டு முடிவாகிறது. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் அந்த ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்திருந்தால், அந்த ஆண்டு முழுமைக்கும் அவர் வெளிநாட்டில் வசிப்பவரே. ஆகஸ்டு மாதம் விமானம் ஏறும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை அவர் சென்னையில்தான் இருந்தார், அதே தெருவில் நடந்தார், வாடகையை வாங்கிக்கொண்டார். குடியிருப்பவர் எதையும் பிடிக்கவில்லை; பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வழியும் இல்லை. ஆண்டு முடிந்து நாள்களை எண்ணிப் பார்க்கும்போது, அந்த நான்கு மாத வாடகையும் வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுத்ததாகவே ஆகிறது. தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கப்பல் பணிக்குச் செல்வோர் நிறைய உண்டு. அவர்களுடைய நிலை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம், ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. இந்தியாவில் ஈட்டும் வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுபவர்களுக்கு, தாயகம் வந்து தங்கும் நாள்களின் வரம்பு 182லிருந்து 120ஆகக் குறைகிறது. உரிமையாளரே மார்ச் மாதம் வரை உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றை, ஏப்ரல் மாத வாடகையைக் கொடுக்கும்போதே குடியிருப்பவர் தெரிந்துகொண்டு 31.2 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. இதற்கு எந்த ஆடிட்டராலும் வழி சொல்ல முடியாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது வாரியத்துக்குத் தெரியாதது அன்று. பெரும்பாலான குடியிருப்பவர்கள் பிடிப்பதே இல்லை. சில வீடுகளில் வாடகை ஒப்பந்தம் ஊரிலிருக்கும் தகப்பனார் பெயரில் எழுதப்படுகிறது. வாடகை தாயாரின் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. பவர் பத்திரம் வைத்திருக்கும் மைத்துனர் ரொக்கமாக வாங்கிக்கொள்வதும் உண்டு. அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் வரவாக வேண்டிய பணம், பிடித்தம் தேவைப்படும் என்ற ஒரே காரணத்துக்காக, கண்ணில் படாத பாதையில் போகிறது. இது சரி என்று நான் சொல்லவில்லை. வருமானம் உரிமையாளருடையது, வரியும் அவருடையது. ஆனால் ஒரு விதி தன்னைக் கடைப்பிடிக்க முயல்பவனுக்குக் குடியிருக்க ஆள் கிடைக்காமல் செய்து, கண்டுகொள்ளாதவனுக்கு நிம்மதியைத் தருமானால், அது வரி வருவாயைக் காக்கிறது என்று சொல்ல முடியாது. இடையில் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்கும் சம்பளக்காரர்தான். ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணை அவர் தன் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். அந்தப் பான் எண்ணின் உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பது துறையின் கணினியில் இருக்கிறது, அவருக்குத்தான் தெரியாது.

மாற்றம் சாத்தியம் என்பதற்கு அரசே அண்மையில் சான்று தந்திருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவரிடமிருந்து வீடு வாங்கும் உள்நாட்டு வாங்குநர், அந்த ஒரே ஒரு பரிவர்த்தனைக்காக டான் எண் வாங்க வேண்டியிருந்த நிலையை மாற்றி, பான் எண்ணை அடிப்படையாகக் கொண்ட சலானிலேயே வரியைக் கட்டலாம் என்று 2026 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நல்ல முடிவு, பலர் பல ஆண்டுகளாகக் கேட்டது. வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ வீடு வாங்குபவருக்கு டான் பெருஞ்சுமை என்றால், மாதந்தோறும் வாடகை கொடுப்பவருக்கு அது எப்படிச் சுமை இல்லாமல் போகும்? கோடி ரூபாய் கைமாறும் விற்பனைக்குப் பான் போதும், 15,000 ரூபாய் வாடகைக்கு டான் வேண்டும் என்பதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. அதே அறிக்கையில் சிறு வரி செலுத்துநர்களுக்குக் குறைந்த விகிதச் சான்றிதழை, அதிகாரியிடம் விண்ணப்பிக்காமல், விதிகளின் அடிப்படையில் தானியங்கியாக வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அந்தச் சிறு வரி செலுத்துநர் என்ற வட்டத்துக்குள் ஒற்றை வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வெளிநாடுவாழ் இந்தியரையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிற நாடுகளும் இதே சிக்கலைச் சந்தித்தவைதாம். பிரிட்டனில் வெளிநாட்டில் வசிக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கான தனித்திட்டம் 1996இலிருந்து நடப்பில் இருக்கிறது. அங்கும் வாடகைக்கு இருப்பவர் வரியைப் பிடிக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் முகவர் இல்லாமல் நேரடியாக உரிமையாளருக்கு வாரம் 100 பவுண்டுக்கு மேல் கொடுப்பவருக்குத்தான் அது பொருந்தும். முகவர் ஒருவர் வாடகையை வாங்கிக்கொடுத்தால் கடமை அவருடையது, குடியிருப்பவருடையது அன்று. வரியைப் பிடிப்பதும் மொத்த வாடகையின் மீது அன்று. பிடிப்பவர் செலுத்தும் பழுதுபார்ப்பு போன்ற செலவுகளைக் கழித்த பிறகு, அடிப்படை விகிதத்தில். இவற்றைவிட முக்கியமானது, உரிமையாளர் தன் வரி விவகாரங்களை ஒழுங்காக வைத்திருப்பதாகக் காட்டி என்ஆர்எல்1 என்ற படிவத்தில் விண்ணப்பித்தால், பிடித்தமே இல்லாமல் முழு வாடகையையும் பெறும் அனுமதி கிடைக்கும். குடியிருப்பவருக்கு வரித்துறையே கடிதம் அனுப்பிச் சொல்லிவிடுகிறது. உரிமையாளர் ஒழுங்காகப் படிவம் தாக்கல் செய்துவரும்வரை அந்த அனுமதி தொடர்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க ஓட வேண்டியதில்லை. குடியிருப்பவர் பிடிக்கும் முறை, வரி கட்டாமல் நழுவும் உரிமையாளருக்கு எதிரான காப்பாக மட்டும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

நம்மிடம் இதைச் செய்வதற்கான கருவிகள் அவர்களைவிட அதிகமாகவே இருக்கின்றன. பான் எண் இருக்கிறது. ஒருவரின் வருமான விவரங்களைத் துறை திரட்டி வைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கை இருக்கிறது. என்ஆர்ஓ கணக்கின் வட்டிக்கு வங்கிகள் வரி பிடித்து விவரம் தருகின்றன. கடந்த மூன்று ஆண்டுகளாகப் படிவம் தாக்கல் செய்து நிலுவை இல்லாத ஓர் உரிமையாளருக்கு, அவருடைய பான் எண்ணையும் குறிப்பிட்ட வீட்டையும் சார்ந்த ஒரு சான்றிதழைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்படி கொடுத்தால், குடியிருப்பவர் யாராக மாறினாலும் அந்த எண்ணைக் காட்டினால் போதும். வாடகை என்ஆர்ஓ கணக்கில்தான் வரவாக வேண்டும் என்பதை நிபந்தனையாக வைக்கலாம். அது எங்களுக்கு ஏற்கெனவே உள்ள கடமைதான். சான்றிதழ் இல்லாதவர்களுக்கும், மாத வாடகை 50,000 ரூபாய் வரை பிடித்தம் வேண்டாம் என்ற உள்நாட்டு வரம்பையே விரிக்கலாம். அவ்வளவு தாராளம் முடியாது என்று வாரியம் கருதினால், 30 சதவீதக் கழிவைப் பிடித்தத்தின்போதே ஏற்று, வாடகையில் 70 சதவீதத்தின் மீது மட்டும் பிடிக்கச் சொல்வது உடனடியாகச் செய்யக்கூடியது. கழிவு சட்டத்தில் உள்ள உரிமை; அதற்கு ரசீதும் தேவையில்லை; பிடிக்கும் நாளில் மட்டும் அதை மறந்துவிட்டுப் பிறகு நினைவுகூர வேண்டிய தேவை என்ன என்று எனக்குப் புரியவில்லை.

உரிமையாளர் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறுப்பை எங்கள் பக்கம் மாற்றச் சொல்லும்போது அதற்கான வாசல் திறந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் ஐடிஆர்–1 என்ற எளிய வருமான வரிப் படிவத்தைப் பயன்படுத்த முடியாது. ஒற்றை வீட்டு வாடகைக்கும் ஐடிஆர்–2தான். நீளமானது என்றாலும் நிரப்பிவிடலாம். சிக்கல் கடைசிப் படியில் இருக்கிறது: தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். ஆதார் ஓடிபி இந்திய எண்ணுக்கே வரும். ஊருக்குப் போகும்போது மட்டும் பயன்படும் சிம் பல நேரம் செயலிழந்திருக்கும். ஆதாரே இல்லாதவர்களும் உண்டு. வங்கி வழியும் கைகொடுக்காதபோது, கையெழுத்திட்ட தாளைப் பெங்களூருக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டு, அது 30 நாளுக்குள் போய்ச் சேருமா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2023 ஜூலையில், வசிப்பிட நிலையைத் துறையின் பதிவில் மாற்றாதிருந்த வெளிநாடுவாழ் இந்தியர் பலரின் பான் எண்கள் ஆதாரோடு இணைக்கப்படவில்லை என்ற காரணத்தால் செயலிழந்தன; ஆதார் இணைப்பு எங்களுக்குக் கட்டாயம் இல்லை என்று துறையே அறிவித்திருந்தும் அது நடந்தது. பான் செயலிழந்தால் வரித்தொகை திரும்பி வராது. வெளிநாட்டுக் கைப்பேசி எண், கடவுச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டே படிவத்தைச் சரிபார்க்கும் ஒரு வழியை நிலையாக ஏற்படுத்தினால், ஆண்டு முடியும் முன்பே தவணைகளில் கட்டும் முன்வரி உட்பட முழுப் பொறுப்பையும் எங்களிடமே ஒப்படைக்க வாரியத்துக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

நான் கேட்டவற்றில் சிலவற்றுக்குச் சட்டத்திருத்தம் வேண்டியிருக்கலாம். டான் எண்ணிலிருந்து வாடகைதாரருக்கு விலக்கு அளிப்பதும், பிடித்தத்துக்கு வரம்பு வகுப்பதும் அடுத்த நிதி மசோதாவில் செய்யலாம். அதற்கான பரிந்துரைகளை வாரியம் தொகுக்கும்போது இந்த மடலையும் அந்தக் கோப்பில் சேர்க்க வேண்டுகிறேன். சான்றிதழை உரிமையாளரோடும் வீட்டோடும் பிணைப்பது, அதன் காலத்தை நீட்டிப்பது, சரிபார்ப்புக்கு வெளிநாட்டு எண்ணை ஏற்பது ஆகியவை பெரும்பாலும் விதிகளாலும் அறிவிக்கைகளாலும் செய்யக்கூடியவை என்றே நினைக்கிறேன். அவற்றுக்கு அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதுவரை, குடியிருப்பவர் தாமாக முன்வந்து டான் வாங்கி, வரியைப் பிடித்துக் கட்டிவிட்டு, காலாண்டு அறிக்கையை மட்டும் தாமதமாகத் தாக்கல் செய்திருந்தால், அந்தத் தனிநபர்களுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வழிகாண வேண்டும். சொல்பேச்சுக் கேட்டு இந்தப் பாதையில் நடந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் இப்போது என் வீட்டில் குடியிருக்கிறார்.

இப்படிக்கு,
பெருங்குடியில் வீடும் சிங்கப்பூரில் வேலையும் உள்ள ஒரு வரி செலுத்துநர்